அம்பலம் ஏறிய சொல்: தொடக்ககால ஐ.நா. அமைதிகாப்பில் மலாயாவின் பங்கு

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்னும் பழமொழியை நான் முதன்முதலில் கேட்டது ஏட்டில் அன்று. என் தந்தையார் வாயில். அவர் போர்ட்டிக்சனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வேலைநாள் கணக்கில் ஒரு நாள் விடுபட்டிருந்தால் அலுவலகத்திற்குச் சென்று முறையிடுவார். வெறுங்கையோடு திரும்பி வந்து, லயத்து வாசலில் அமர்ந்து இப்பழமொழியைச் சொல்வார். அம்பலம் என்பது ஊர்ப் பொதுமன்றம். வழக்குத் தீர்க்கும் இடம். எளியவன் பேச்சு அங்கே செல்லாது என்பதே பழமொழியின் பொருள். நாடுகளுக்கிடையிலும் இவ்விதி செல்லுமா என்று பார்ப்பதே இன்றைய சொற்பொழிவின் நோக்கம். நம் நாடு மிகச் சிறியதாயிருந்த காலத்தில் உலக அம்பலத்தில் அதன் சொல் ஏறியது எவ்வாறு, அதற்கு அது கொடுத்த விலை யாது என்பவற்றைக் காண்போம்.

முதலில் ஒரு சொல்லாய்வு. அமைதிகாப்பு என்னும் கருத்துக்குரிய சொல் 1945ஆம் ஆண்டின் ஐ.நா. பட்டயத்தில் இல்லை. நடைமுறை முந்தியது, பெயர் பிந்தியது. 1948இல் பாலத்தீனத்திற்குக் கண்காணிப்பாளர்கள் அனுப்பப்பட்டனர். 1956இல் சூயசு நெருக்கடியின்போதுதான் முதல் அமைதிகாப்புப் படை உருவாயிற்று. தமிழில் 'அமைதிப்படை' என்றவுடன் நம்மில் பலர்க்கு இலங்கையும் 1987ஆம் ஆண்டும் நினைவுக்கு வரும். அங்குச் சென்ற இந்தியப் படை இரு அரசுகளின் உடன்படிக்கையால் சென்றது, ஐ.நா. அமைத்ததன்று. இவ்விரண்டையும் மாணவர்கள் ஒன்றாகக் கருதிவிடக்கூடாது என்பதற்காகவே இங்கு 'அமைதிகாப்பு' என்ற சொல்லைக் கையாள்கிறேன்.

சூயசில் எகிப்தைத் தாக்கிய மூன்று நாடுகளுள் பிரிட்டனும் பிரான்சும் இருந்தன. இரண்டும் பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தர உறுப்பினர்கள். எனவே வல்லரசுகளின் படைகளைச் சேர்க்காமல் ஒரு படையைத் திரட்ட வேண்டியதாயிற்று. கனடாவின் லெஸ்டர் பியர்சன் முன்வைத்த கருத்துக்குப் பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷீல்டு வடிவம் கொடுத்தார். பிரேசில், கொலம்பியா, இந்தியா, இந்தோனேசியா, நோர்வே முதலிய பத்து நாடுகள் வீரர்களை அனுப்பின. ஹாமர்ஷீல்டுக்குத் துணைநின்ற எழுவர் ஆலோசனைக் குழுவில், ஓராண்டுக்கு முன்புதான் ஐ.நா.வில் சேர்ந்திருந்த இலங்கையும் இடம்பெற்றது. உரிய அரசின் இசைவு, ஒருபக்கம் சாயாமை, தற்காப்புக்கன்றி ஆயுதம் எடுக்காமை ஆகிய மூன்றும் இப்படைக்கு இலக்கணமாயின. பிறர் மண்ணில் ஆசையில்லாத நாட்டை இரு தரப்பும் நம்ப முடியும். ஆதலின் அதுவரை குறையாக எண்ணப்பட்ட சிறுமையே ஒரு தகுதியாயிற்று.

இச்சூழலில்தான் மலாயா உலக அரங்கிற்கு வந்தது. 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை பெற்றது. செப்டம்பர் 17இல் ஐ.நா.வின் 82ஆவது உறுப்பு நாடாயிற்று. அப்போது மாமன்னராக வீற்றிருந்தவர் நம் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் அரசு வாய்மூடி இருக்கவில்லை. 1959இல் திபெத்திய மக்களின் உரிமைகளைப் பற்றிய தீர்மானத்தை அயர்லாந்தோடு சேர்ந்து பொதுச்சபையில் முன்மொழிந்தது. 45 நாடுகள் ஆதரித்தன; 9 எதிர்த்தன; 26 நடுநிலை வகித்தன. ஈராண்டு வயதுடைய நாட்டுக்கு அது சிறிய முயற்சியன்று.

சொல்லைத் தொடர்ந்து செயலுக்கும் வேளை வந்தது. 1960 சூன் 30இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற காங்கோ, சில நாள்களுக்குள் படைக் கலகத்தாலும் கத்தாங்கா மாநிலத்தின் பிரிவினையாலும் சிதறத் தொடங்கியது. சூலை 14இல் பாதுகாப்பு மன்றம் படை அனுப்ப இசைந்தது. நம் நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அவசரகாலம் அதே சூலை 31இல்தான் முடிவுக்கு வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலியும் ஊரடங்கும் அரிசிப் பங்கீடும் கண்ட தலைமுறை அப்போதுதான் மூச்சுவிடத் தொடங்கியிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து மலாயாச் சிறப்புப் படை காங்கோவுக்குக் கப்பலேறியது. கர்னல் அப்துல் ஹமீது பிடின் அதன் தலைவர். படையின் பெரும்பகுதி அரச மலாய்ப் படைப்பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவு 1933இல் 25 இளைஞர்களோடு தொடங்கப்பெற்ற இடம் போர்ட்டிக்சன். என் தந்தையார் பால்மரம் வெட்டிய தோட்டத்திற்கு அண்மை ஊர்.

மலாயும் ஆங்கிலமும் அறிந்த வீரர்கள், பிரெஞ்சை ஆட்சிமொழியாகக் கொண்ட நாட்டில், யார் பகை யார் நட்பு என்று தெளியாத நிலையில் காவல் புரிந்தனர். பிரதமர் பத்ரிஸ் லுமும்பா சிறைப்பட்டு, 1961 சனவரியில் கொலையுண்டார். அக்கொந்தளிப்பில் இந்தோனேசியா, மொரோக்கோ முதலிய நாடுகள் தங்கள் படைகளைத் திரும்பப் பெற்றன. அதே ஆண்டு செப்டம்பரில் ஹாமர்ஷீல்டு விமான விபத்தில் உயிர்நீத்தார். மலாயா 1963 வரை நிலைத்து நின்றது. பெரிய படை அனுப்பும் வலிமை அதற்கில்லை. ஏற்ற பணியை இடையில் கைவிடாமையே அது ஈட்டிய மதிப்பு.

அந்த மதிப்பு விரைவில் தேவைப்பட்டது. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானபோது இந்தோனேசியா அதனை ஏற்க மறுத்தது. 1964 செப்டம்பரில் இந்தோனேசிய வான்குடைப் படையினர் லாபிசுக்கு அருகே இறங்கினர். கெமாசிலிருந்து தெற்கே ஓடும் இரயில்பாதையில் இருக்கும் ஊர் அது. நம் மாநிலத்திற்குத் தொலைவானதன்று. உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் பாதுகாப்பு மன்றத்தில் வழக்குரைத்தார். கைப்பற்றிய ஆயுதங்களை அவையிலேயே காட்டினார். நோர்வே கொண்டுவந்த தீர்மானத்திற்கு ஒன்பது வாக்குகள் ஆதரவாகவும் இரண்டு எதிராகவும் விழுந்தன. எதிர்த்த இரண்டில் ஒன்று சோவியத்து ஒன்றியத்தினுடையது ஆதலின் தீர்மானம் வீழ்ந்தது. ஆயினும் உலகின் பெரும்பான்மை எப்பக்கம் என்பது அம்பலமாயிற்று. 1965இல் மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் அமர்ந்தது; அதனை எதிர்த்து இந்தோனேசியா ஐ.நா.விலிருந்தே வெளியேறியது.

அவ்விருக்கையில் அமர்ந்தவர் கோலாலம்பூரில் வழக்கறிஞராக விளங்கிய இந்திய வம்சாவளியினரான இராதாகிருஷ்ண ரமணி. 1965 மே மாதம் மன்றத்தின் தலைமை முறைப்படி அவரிடம் வந்தது. அப்போது டொமினிக்கன் குடியரசில் உள்நாட்டுப் போர். அமெரிக்கா 20,000க்கும் மேற்பட்ட வீரர்களை அங்கு இறக்கியிருந்தது. சோவியத்து ஒன்றியம் அமெரிக்காவைக் கண்டிக்கச் சொன்னது. கண்டித்தால் அமெரிக்கா தடுக்கும். வாளாவிருந்தால் மன்றம் தன் பெயரை இழக்கும். மே 14இல் ஐவரி கோஸ்டு, ஜோர்டான், மலேசியா ஆகிய மூன்று சிறிய நாடுகள் கொண்டுவந்த 203ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மொழி மாணவர்கள் அத்தீர்மானத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். மூன்றே கூறுகள். கடுமையான போர்நிறுத்தத்திற்கு அழைப்பு விடுக்கிறது. நேரில் கண்டு அறிக்கை தரப் பேராளர் ஒருவரை அனுப்புமாறு பொதுச்செயலாளரைக் கேட்டுக்கொள்கிறது. தொடர்புடைய அனைவரும் அவரோடு ஒத்துழைக்கச் சொல்கிறது. குற்றவாளி என்று எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை. எழுவாயை விட்டு வினையை மட்டும் நிறுத்திய தொடர்கள் அவை. அதனாலேயே இரு வல்லரசுகளும் கையுயர்த்த முடிந்தது. அதன் விளைவாகச் சென்ற ஐ.நா. குழு மிகச் சிறியது. இந்தியத் தளபதி இந்தர் ஜித் ரிக்கி அதன் படைத்துறை ஆலோசகர். அமெரிக்கப் படையை அது வெளியேற்றிவிடவில்லை. ஆனால் வல்லரசின் முற்றத்தில் உலக மன்றத்தின் கண் ஒன்று இருந்தது.

நடுநிலைச் சொல்லுக்கு விலையும் உண்டு. அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டன. நிரந்தரமல்லாத உறுப்பு நாடுகள் ஆறு சேர்ந்து 209ஆம் தீர்மானத்தைக் கொண்டுவந்தன. மலேசியா அவற்றுள் ஒன்று. செப்டம்பர் 4ஆம் நாள் தீர்மானத்தின் வினைச்சொல் 'அழைப்பு விடுக்கிறது' என்பது. செப்டம்பர் 20ஆம் நாளின் 211ஆம் தீர்மானத்தில் அது 'கட்டாயமாகக் கோருகிறது' என்று ஏறியது. போர்நிறுத்தத்திற்கு நாளும் மணியும் குறிக்கப்பட்டன. ஒரு வினையின் அழுத்தத்தை உயர்த்த மன்றத்திற்கு 16 நாள்கள் ஆயின. இவ்விவாதத்தில் ரமணி ஆற்றிய உரை இந்தியாவுக்குச் சார்பானது என்று பாகிஸ்தான் கருதியது. அக்டோபரில் மலேசியாவுடனான அரசுறவைத் துண்டித்தது. அடுத்த ஆண்டில்தான் உறவு மீண்டது. வல்லரசு சொல்லிவிட்டு மறந்துவிடலாம். சிறிய நாடு தன் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை பெருமையைச் சொன்னேன். வரலாறு கற்பிப்போர் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. உலகின் உயர்ந்த மன்றத்தில் இந்திய வம்சாவளியினர் ஒருவர் தலைமை தாங்கிய அதே ஆண்டில், நம் தோட்டங்களில் பலர் குடியுரிமையின்றிச் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தனர். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது பல்லாயிரவர் மரங்களையும் லயங்களையும் விட்டுக் கப்பலேறினர். மனுவைப் படிக்கத் தெரியாமலும், உரிய காலத்தில் எழுதித் தர ஆளில்லாமலும் வாய்ப்பை இழந்தோர் அவர்களுள் இருந்தனர். நாட்டின் சொல் அம்பலம் ஏறியது. அந்நாட்டுக்கு இரப்பர் தந்தவர்களின் சொல் ஏறவில்லை. இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்பித்தால்தான் மாணவனுக்கு வரலாறு முழுமையாகும்.

போர்ட்டிக்சனில் 1996 முதல் மலேசிய அமைதிகாப்புப் பயிற்சி மையம் இயங்கி வருகிறது. வெளிநாட்டுப் பணிக்குச் செல்வோர் அங்குப் பயிற்சி பெறுகின்றனர். அதன் வழியே பள்ளிப் பேருந்தில் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அந்த மையம் ஏன் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆசிரியர்கள் ஒரு நாள் 203ஆம் தீர்மானத்தைத் தமிழாக்கி வகுப்பில் கொடுங்கள். ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினால் யார் கையுயர்த்துவார், யார் மறுப்பார் என்று மாணவர்களைக் கேளுங்கள். அவ்வாறே விடுபட்ட ஒரு நாள் கூலிக்காக அலுவலகத்திற்கு எழுத வேண்டிய கடிதத்தையும் அவர்களைக் கொண்டு எழுதச் செய்யுங்கள்.

என் தந்தையார் சொன்ன பழமொழியை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். எளியவர் சொல் தானாக அம்பலம் ஏறுவதில்லை. சொல்லை அளந்து எடுத்தும், உடன் நிற்போரைச் சேர்த்தும், ஏற்ற பணியைக் கைவிடாமலும் இருந்த ஒரு சிறிய நாட்டுக்கு அது சில வேளைகளில் ஏறியது என்பதற்கு 1960ஆம் ஆண்டுகள் சான்று.