கைக்கு வந்த மொத்தத் தொகை

1906 அக்டோபர் 22ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி நொடித்தது. பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று ஊரார் ஒரே மூச்சில் சொல்லிவந்த மூன்று பெரிய வெள்ளைக்கார நிறுவனங்களில் அது ஒன்று. உத்தியோகஸ்தர்கள் ஆயுள் முழுதும் சேர்த்த பணம் அதில் இருந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைக்க, 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. இந்தக் கதையை மோசடியின் கதையாகவும் சுதேசி முயற்சியின் கதையாகவும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் உழைத்துச் சேர்த்து முடித்தவர்கள் அந்தப் பணத்தை எங்கே வைக்கலாம், அதிலிருந்து மாதாமாதம் எப்படிச் சாப்பிடலாம் என்ற கேள்விக்கு அன்றைய சென்னையில் நல்ல விடை இருக்கவில்லை. பிறகு வந்த 100 ஆண்டுகளிலும் சிறு சேமிப்பாளர் அடிபட்டது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

சேர்ப்பதில் நம் மக்களுக்குக் குறையே இருந்ததில்லை. ஏலச் சீட்டை எடுத்துக்கொள்வோம். 20 பேர், மாதம் 1000 ரூபாய், 20 மாதம். முதல் ஏலத்தில் பணமுடை உள்ள ஒருவர் 5000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 15,000 வரும். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 1000 போக மீதி 4000 கசராகப் பிரியும். அந்த மாதம் ஒவ்வொருவரும் 800 கட்டினால் போதும். கடனும் சேமிப்பும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கிவிட்ட அழகு இது. நிதிகளும் இதே மண்ணின் சரக்குதான். 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனண்ட் பண்டு போன்றவை, உறுப்பினரின் பணத்தை உறுப்பினருக்கே நகையின் பேரில் கடன் கொடுத்து, அவர்களை லேவாதேவிக்காரரிடமிருந்து காத்தன. ஆனால் சீட்டு ஒரு கல்யாணத்தையோ நகையையோ நோக்கி ஓடி, அங்கே முடிந்துவிடும். வேலையை விட்டபின் 20, 25 ஆண்டுகள் ஒருவருக்கு மாதச் செலவுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதற்காக அது உருவானதல்ல.

சுதந்திர இந்தியா கொண்டுவந்த 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம் மகத்தானது. முதலில் ஆறு தொழில்களுக்கு வந்தது. நெசவாலைகளும் அதில் இருந்ததால் கோவை, மதுரை மில் தொழிலாளிகளுக்கு அது எட்டியது. தொடக்கத்தில் பிடித்தம் நூற்றுக்கு ஆறேகால், அதாவது ரூபாய்க்கு ஓரணா. முதலாளியும் அதே அளவு போட வேண்டும். இவ்வளவு செய்த சட்டம், ஓய்வு நாளில் பணத்தை மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. 1971இல் வந்த குடும்ப ஓய்வூதியமும் வேலையிலிருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கானது. ஓய்வு பெற்றவருக்கே மாத ஓய்வூதியம் என்பது 1995இல்தான் வந்தது. அஞ்சலகத்தின் மாத வருவாய்த் திட்டம் 1987இல், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004இல். இடைப்பட்ட காலத்தில் மில்லை விட்டு வெளியே வந்த ஒருவர், அதுவரை பார்த்தே இராத பெருந்தொகையுடன் தனியே நின்றார்.

அப்போது அவருக்குத் துணைக்கு வந்தது பழைய நெறி ஒன்றுதான்: முதலைத் தொடாதே, வட்டியில் வாழ். சிக்கனத்தில் ஊறிய இந்த நெறிதான் அவரை ஆபத்தின் பக்கம் தள்ளியது என்று நினைக்கிறேன். 3 லட்சம் ரூபாயை ஒரு வட்டிக்குப் போட்டால் மாதம் 3000. இரண்டு வட்டிக்குப் போட்டால் 6000. விலைவாசி ஏறுகிறது, முதலைத் தொடக்கூடாது, ஆக, வருமானத்தைக் கூட்ட ஒரே வழி கூடுதல் வட்டி தரும் இடத்தைத் தேடுவது. 1990களில் தெருவுக்குத் தெரு முளைத்த பெனிபிட் பண்டுகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் இந்தத் தேவையைத்தான் பிடித்துக்கொண்டன. அவை வரிசையாக விழுந்தபோது, சொத்துகளைப் பறிமுதல் செய்து முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தர 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1962 முதல் நாட்டில் இருக்கும் வைப்புத்தொகைக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டுமே உரியது. இந்தக் கம்பெனிகளில் போட்ட பணம் அதன் நிழலில் இல்லை.

பேராசைதான் காரணம் என்று சொல்வோர் உண்டு. சிலரிடம் அது இருந்திருக்கலாம். ஆனால் ஒரு ரூபாய்கூட வீணாக்காமல் 30 ஆண்டுகள் பி.எஃப். கட்டியவர், ஓய்வு பெற்ற மறுநாளே பேராசைக்காரராகிவிட்டார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொரு மறுப்பு: அரசு நிறுவனத்தில் போட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காதே என்பது. அதில் பாதி உண்மை இருக்கிறது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது உருவான யூனிட் டிரஸ்ட், 1964இல் யூனிட் 64 திட்டத்தைக் கொண்டுவந்தது. பங்குச் சந்தையோடு பிணைந்திருந்தும், யூனிட்டின் விலையை உண்மையான சொத்து மதிப்பின்படி அல்லாமல் நிர்வாகமே வைத்தது. அதனால் மக்கள் அதைக் குறையாத முதலாக, வைப்புத்தொகை போலவே நம்பினார்கள். 2001 ஜூலையில் யூனிட்டைத் திரும்ப வாங்குவதே நின்றுபோனது. பின்னர் அரசு கைகொடுத்து, 6.75 சதவீத வட்டிப் பத்திரங்களாக மாற்றித் தந்தது. தனியார் பண்டுகளில் ஏமாந்தவர்களுக்கு அந்தக் கை நீளவில்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் சேமிப்பாளர் தேடியது ஒன்றுதான்: முதல் குறையக்கூடாது, வருமானம் தவறக்கூடாது.

கூட்டுக் குடும்பம் தாங்கியதால் இங்கே ஓய்வுக்காலத் திட்டம் தேவைப்படவில்லை என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. தாங்கிய குடும்பங்கள் நிறைய உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிள்ளையிடம் கை நீட்டாமல் வாழ வேண்டும் என்ற எண்ணமே பலரையும் மாத வட்டி தரும் வாசல்களுக்கு நடக்கவைத்தது. இன்றும் நமக்குக் கிடைக்கும் முதலீட்டு ஆலோசனை பெரும்பாலும் சீக்கிரம் தொடங்கு, விடாமல் கட்டு என்பதோடு நிற்கிறது. சேர்த்ததை எந்த அளவில் எடுத்துச் செலவழிப்பது, எந்த வயதில் முதலைத் தொடத் தொடங்கலாம் என்பதைச் சொல்லித் தருவோர் குறைவு. 1995இன் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1000 ரூபாயாக வைக்கப்பட்டது. ஒரு வட்டிக் கணக்கில் பார்த்தால், ஒரு லட்சம் ரூபாய்க்கு வரும் மாத வட்டி அது.