சங்கில் குடிக்கும், மார்பில் குடிக்காது

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் போனால் ஒரு சங்கு கண்ணில் படும். வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்து, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மருத்துவமனையில் பாலாடை என்பார்கள், வீட்டில் சங்குதான். உள்ளங்கையில் அடங்குகிற எவர்சில்வர் சாமான். ஒரு பக்கம் குழிவாக இருக்கும், மறுபக்கம் மூக்காக நீண்டு குவிந்திருக்கும். மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்து லேசாகச் சாய்த்தால், பால் சொட்டுச் சொட்டாக நாக்கின் மேல் இறங்கும். மரக்காணம் உப்பளத்துக்கு விடியுமுன் கிளம்பிப் போகிற பெண்களின் பிள்ளைகளை இந்தச் சங்கை வைத்துத்தான் ஆயாக்கள் பசியாற்றியிருக்கிறார்கள். உப்பு வாருகிற வேலைக்குச் சம்பளத்தோடு பிள்ளைப்பேறு விடுப்பு கிடையாது.

கடலிலிருந்து வந்த சாமான் இது. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் எடுத்து வந்த சிறிய சங்கை வழவழப்பாகத் தேய்த்து, அதன் நீண்ட வாய்க்கால் பகுதியையே மூக்காக வைத்துப் பால் புகட்டினார்கள். பார்க்க அழகு, கழுவத்தான் வழியில்லை. உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற அறைகளில் பால் தங்கிப் புளிக்கும். பிறகு அந்த வடிவத்தைப் பித்தளையிலும் வெண்கலத்திலும் செய்தார்கள். வசதியுள்ள வீடுகளில் வெள்ளி. தாய்மாமன் சீர்த்தட்டில் வெள்ளிச் சங்கு இன்றைக்கும் வருகிறது. எவர்சில்வர் வந்த பிறகுதான் அது குப்பத்து வீடுகள் வரைக்கும் சுத்தமாக வந்து சேர்ந்தது.

சங்கு வழியாகப் போன எல்லாமே நல்லதல்ல. விளக்கெண்ணெய், வசம்பும் மாசிக்காயும் இழைத்த உரைமருந்து, தேன் என்று எல்லாவற்றையும் பச்சைக் குழந்தையின் தொண்டைக்குள் அது ஊற்றியிருக்கிறது. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருகிறவர் இன்றும் கழுதைப்பாலைச் சங்குக் கணக்கில்தான் விற்கிறார். மூச்சுக்குழாயில் எண்ணெய் இறங்கி நிமோனியா வரலாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நரம்பு நோய் வரலாம். இவற்றையெல்லாம் நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இந்தச் சாமான் மருத்துவமனைக்குள் நுழைந்ததற்குக் காரணம் பால் புட்டியின் மேல் வந்த பயம். ரப்பர் காம்பிலும் புட்டியின் கழுத்திலும் கிருமி தங்கி, வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்தன. 1992-ல் இந்தியா குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பால் புட்டிகள் பற்றிய சட்டத்தைக் கொண்டுவந்து, அவற்றை விளம்பரப்படுத்தத் தடை விதித்தது. புட்டி கூடாது என்றால், உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதப் பிள்ளைக்கு எதில் புகட்டுவது? நம் வீட்டுச் சங்கு அங்கே போய் நின்றது. 1999-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பாலாடையில் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன, அமைதியாகவும் இருந்தன. ஆனால் 2007-ல் பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் பாலாடையில் புகட்டியபோது பால் நிறையச் சிந்தியது, குழந்தைகளும் திணறின. புகட்டுகிற கையின் பழக்கம் அதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பது சங்கு பிடித்த எந்த ஆயாவுக்கும் தெரியும். பிறகு அமெரிக்காவின் பாத் அமைப்பும் நார்வேயின் லேர்டாலும் சேர்ந்து மெத்தென்ற சிலிக்கோனில் நிஃப்டி என்ற கிண்ணத்தைக் கொண்டுவந்தன. பச்சிளங்குழந்தைக்குப் புட்டியில்லாமல் புகட்ட வந்த அந்தக் கிண்ணத்தைவிட நம் சங்கு மூத்தது.

இவ்வளவு நல்லது செய்த இந்தச் சங்கே ஒரு குறையை மறைத்தும் வைக்கிறது.

மார்பில் பால் குடிப்பது குழந்தைக்குப் பெரிய வேலை. நாக்கு கீழ் ஈறைத் தாண்டி முன்னால் வர வேண்டும், மார்புக் காம்பையும் அதைச் சுற்றிய கருவட்டத்தையும் ஏந்திப் பிடிக்க வேண்டும். பிறகு நாக்கின் பின்பகுதி கீழே இறங்கும். அப்போது வாய்க்குள் உண்டாகிற வெற்றிடம்தான் பாலை இழுக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அல்ட்ராசவுண்ட் வைத்து இதைப் படமாகவே பார்த்திருக்கிறார்கள். நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாகவோ தடித்தோ நுனிவரை ஒட்டியிருந்தால் நாக்கு முன்னே வராது, மேலே எழும்பாது. குழந்தை ஈறால் கடித்துப் பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். தாய்க்கு உயிர் போகிற வலி. சங்கிலோ இந்த வேலை எதுவும் இல்லை. பாலை ஊற்றுவது ஆயாவின் கை. பிள்ளை விழுங்கினால் போதும்.

ஆகவே, வீட்டில் சொல்வார்கள்: "சங்குல ஊத்துனா மடமடன்னு குடிக்குது, மாருல வச்சா அழுவுது. இவளுக்குப் பால் பத்தல." பழி தாய் மேல் விழுகிறது. பால் இறங்கவில்லை என்று பூண்டும் கருவாடும் ஆக்கிப் போடுகிறார்கள், அடுத்த வாரம் பால் பவுடர் டப்பா வந்துவிடுகிறது. மார்பில் உறிஞ்சுவது குறைந்தால் பால் ஊறுவதும் குறையும். பத்தாம் நாளில் "பால் பத்தல" என்பது உண்மையாகவே ஆகிவிடும். சங்கில் நன்றாகக் குடித்து மார்பில் மட்டும் திணறுகிற பிள்ளையின் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை.

பார்ப்பது கடினமில்லை. குழந்தை அழும்போது நாக்கு நுனி நடுவில் பள்ளம் விழுந்து இதய வடிவில் தெரிகிறதா? நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வருகிறதா? குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? மார்பை விட்டதும் காம்பு ஒரு பக்கம் சாய்வாக நசுங்கி வெளுத்திருக்கிறதா? முக்கால் மணி நேரம் மார்பில் கிடந்தும் பசி அடங்காமல் அழுகிறதா? செவிலியர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டிய சுண்டுவிரலை நாக்கின் அடியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டினால், நடுவில் விரல் தட்டி நிற்பது தெரியும். எடையும் பேசும். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் குழந்தை திரும்பப் பிடிக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போக வேண்டும்.

ஆனால் சவ்வு கண்ணில் பட்டதும் கத்தரியைத் தேடக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது, இப்படிச் சவ்வுள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் பால் குடிப்பதில் சிரமம் வருகிறது. அங்கே லேசரை வைத்துக்கொண்டு கண்ட பிள்ளைக்கெல்லாம் வெட்டிவிட்டதால்தான் அந்த எச்சரிக்கையே தேவைப்பட்டது. பிரேசில் 2014-ல் எல்லாப் பிரசவ மருத்துவமனைகளிலும் நாக்கைச் சோதிக்கச் சட்டமே போட்டது. நம் நாட்டில் 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற குழந்தை நலத் திட்டம் பிறவிக் குறைகளைப் பட்டியலிடும்போது உதடு, அண்ணப் பிளவைச் சேர்த்தது, நாக்குச் சவ்வைச் சேர்க்கவில்லை. எனக்குச் சட்டமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பால் குடிப்பதை உட்கார்ந்து பார்க்கிற ஒரு செவிலியர் போதும். முதலில் பிடிக்கிற முறையைத் திருத்த வேண்டும். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டி, தாடை மார்பில் பதிந்து, வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அப்படியும் வலியும் எடைக்குறைவும் தொடர்ந்தால்தான் வெட்டுவது பற்றிப் பேச்சு.

வெட்டுவது பழைய வைத்தியம். 1601-ல் பிறந்த பிரான்ஸ் இளவரசன், பின்னாளில் பதின்மூன்றாம் லூயி, பால் குடிக்க முடியாமல் தவித்ததால் பிறந்த சில நாட்களிலேயே நாக்குச் சவ்வை வெட்டினார்கள் என்று அரண்மனை மருத்துவர் ஏரோவார் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஐரோப்பிய மருத்துவச்சிகள் இதற்கென்றே ஒரு நகத்தைக் கூராக வளர்த்ததும் உண்டு. சீழ் பிடித்துச் செத்தவர்களை யார் கணக்கெடுத்தது? இன்று குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்து, நடுவில் பிளவுள்ள சிறு தகட்டால் நாக்கைத் தூக்கி, சவ்வு அந்தப் பிளவில் வந்து நிற்கும்போது மழுங்கிய முனைக் கத்தரியால் ஒரு வெட்டு. சில சொட்டு ரத்தம் வரும். தையல் கிடையாது, பச்சிளங்குழந்தைக்குப் பொது மயக்கமும் கொடுப்பதில்லை. உடனே தாய் மார்பில் போடுவார்கள். நாக்கடியில் வெள்ளைத் திட்டு ஒன்று சில நாள் தெரியும், சீழ் என்று பயப்பட வேண்டாம். 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 302 குழந்தைகளைப் பற்றிய ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தாயின் வலி சில நாளில் குறைகிறது, குழந்தை குடிப்பது எல்லோரிடமும் ஒரேபோல் முன்னேறவில்லை என்றது. ஆகவே வெட்டிய பிறகும் பிடிக்கிற முறையைச் சொல்லித்தர ஆள் வேண்டும். பின்னாளில் பேச்சு வராது என்ற பயத்துக்காகப் பச்சைக் குழந்தைக்கு வெட்டத் தேவையில்லை. வசம்பைத் தேய்த்து நாக்கைப் புரட்டுவதாலும் சவ்வு விடாது.

குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிற வரைக்கும் உள்ள இடைப்பட்ட நாட்களுக்குத்தான் சங்கு வேண்டும். தாய் தன் பாலைப் பீய்ச்சி, பிள்ளையைச் சாய்வாக உட்கார வைத்து, விழுங்கியதைப் பார்த்துப் பார்த்துப் புகட்டலாம். புட்டி வீட்டுக்குள் வராது. மார்பிலும் தினம் போட்டுப் பழக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பீய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் பால் வற்றும்.

வீட்டுக்கு வந்து பச்சிளங்குழந்தையைப் பார்க்கிற தேசியத் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42 என்று நாள் குறித்திருக்கிறார்கள். எக்கியார்குப்பத்து ஆயாக்களிடமும் அம்மாக்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஏழாம் நாளிலும் பிள்ளை சங்கில் மட்டும் குடித்தால், நர்சம்மா வரும்போது சங்கை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். அதைக் காட்டி, "இதுல குடிக்குது, மாருல குடிக்கல, நாக்கத் தூக்கிப் பாருங்கம்மா" என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் மரக்காணம் அரசு மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். போகும்போது பிறப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று கத்தரி எடுக்குமுன் டாக்டர் கேட்பார்.