கல்விக்காகக் கடல் கடந்தோரும் அவர்தம் இல்லத்தாரும்: ஒரு வரலாற்றுப் பார்வை



சபராளி என்னும் சொல்லை அறியாத இல்லம் நம் கரையோர ஊர்களில் இல்லை எனலாம். வணிகத்தின் பொருட்டு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும், பின்னர்த் தொழிலின் பொருட்டு வளைகுடா நாடுகளுக்கும் சென்ற நம் முன்னோர், மனைவி மக்களை ஊரிலேயே விட்டுச் சென்றனர். அண்மைக் காலத்தில் வேறொரு வகைச் சபர் தொடங்கியிருக்கிறது. மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் செல்லவிருக்கும் இளைஞரும் இளம்பெண்டிரும் நம் அலுவலகத்திற்கு வந்து நிக்காஹ் பதிவேட்டின் நகலைக் கேட்கின்றனர். துணைவரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லும் டிபெண்டண்ட் விசாவுக்கு அது தேவைப்படுகிறது. மாணவர் ஒருவர் தம் குடும்பத்தோடு அயல்நாட்டில் வாழலாம் என்னும் இவ்வுரிமை எங்ஙனம் பிறந்தது, இன்று எந்நிலையில் உள்ளது என்பதை இம்மலரில் காண்போம்.

முற்காலத்தில் கடல் கடந்து கற்கச் சென்றவர் தனியாகவே சென்றார். காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்றபோது, கஸ்தூர்பாவையும் சில மாதக் குழந்தை ஹரிலாலையும் விட்டுச் சென்றார். அந்நாளில் அங்குப் பயின்ற இந்திய மாணவர்கள் தமக்கு மணமானதையே மறைத்து வந்தனர் என்றும், தாமும் அவ்வாறு மறைத்ததாகவும் தம் சுயசரிதையில் அவர் ஒப்புக்கொள்கிறார். அல்லாமா இக்பால் 1905ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்றபோது, துணைவியார் கரீம் பீவியும் பிள்ளைகள் இருவரும் பஞ்சாபிலேயே இருந்தனர். 1908இல் அவர் முனைவர் பட்டத்தோடும் பாரிஸ்டர் தகுதியோடும் திரும்பினார். ஆயினும் பிற்காலத்தில் கணவரும் மனைவியும் பிரிந்தே வாழ்ந்தனர்.

நம் தமிழகத்துக் கணித மேதை இராமானுஜத்தின் செய்தி இன்னும் உருக்கமானது. 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னையிலிருந்து அவர் கப்பலேறியபோது, துணைவியார் ஜானகிக்கு அகவை பதினைந்தளவே. முதல் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று. தாமே சமைத்தும் பல வேளை சமைக்காமலும் இருந்த அவர் நோயுற்றார். இருவரும் எழுதிய கடிதங்களை அவருடைய அன்னையார் இடைமறித்தார் என வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1919இல் ஊர் திரும்பியவர் 1920 ஏப்ரலில் மறைந்தார். ஜானகி அம்மையார் திருவல்லிக்கேணியில் தையல் தொழிலால் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். ஐந்தாண்டுப் பிரிவுக்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட இல்லறமே. அதுவும் நோயாளிக்குப் பணிவிடை செய்த இல்லறம்.

அக்காலத்துச் சட்டங்களும் மாணவரைத் தனி ஆளாகவே கண்டன. 1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இதற்குத் தக்க சான்று. ஆசியர் பெரும்பாலோருக்குக் கதவடைத்த அச்சட்டம் சிலருக்கு மட்டும் விலக்களித்தது. சமய குருமாரும் கல்லூரிப் பேராசிரியரும் அவ்விலக்கின் கீழ் வரலாம். அவர்களோடு மனைவியும் பதினெட்டு வயதுக்குட்பட்ட மணமாகாப் பிள்ளைகளும் வரலாம் என்று ஒரு பிரிவு சொல்லிற்று. அதற்கு அடுத்த பிரிவு மாணவரைப் பற்றியது. பதினைந்து வயது நிரம்பியவராய், கல்வி ஒன்றையே நோக்கமாகக் கொண்டவராய் இருக்க வேண்டும் என்று கூறிய அப்பிரிவு, மனைவி மக்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது நின்றுவிட்டது. 1952ஆம் ஆண்டின் சட்டம் மாணவருக்கு எஃப் என்னும் விசா வகையை வகுத்தபோதும் இக்குறை நீங்கவில்லை.

1961ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அதிபர் கென்னடி கையொப்பமிட்ட ஃபுல்பிரைட்–ஹேஸ் சட்டமே இதனை மாற்றியது. கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றத்தைப் பெருக்க வந்த அச்சட்டம், மாணவரின் கணவர் அல்லது மனைவியும் வயது வராப் பிள்ளைகளும் உடன் வரலாம், அல்லது பின்னர் வந்து சேரலாம் என்று எழுதிற்று. எஃப்–2 எனப்படும் விசா அவ்வாறு பிறந்தது.

அவர்கள் தங்க வீடுகளும் ஓரளவு ஆயத்தமாயிருந்தன. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1944ஆம் ஆண்டின் உதவிச் சட்டத்தால் கல்லூரிகளில் திரளாகச் சேர்ந்தனர். அவர்களுள் பலர் மணமானவர்கள் ஆதலின், பல்கலைக்கழகங்கள் முதன்முறையாகப் பெருமளவில் குடும்பக் குடியிருப்புகளைக் கட்டின. பின்னாளில் அவ்வகைக் குடியிருப்புகளில் பாகிஸ்தானியரும் எகிப்தியரும் இந்தியரும் தம் குழந்தைகளோடு குடியேறினர்.

நம் வாசகர்கள் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டு ஜனவரியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா–ஷாம்பெயின் வளாகத்தில் முஸ்லிம் மாணவர் சங்கம் தோன்றியது. ஊர் திரும்பும் நாளை எண்ணியிருந்த மாணவர்களுக்கு ஜும்ஆ தொழ ஒரு கூடம் போதுமாயிருந்தது. குடும்பத்தோடு இருப்பவருக்கோ பிள்ளைகள் குர்ஆன் ஓத ஆசிரியர் வேண்டும்; பெருநாளுக்கு மகளிரும் கூட இடம் வேண்டும்; ஹலால் இறைச்சி வேண்டும். நாளடைவில் பலர் அங்கேயே தங்கிவிட, 1980களின் தொடக்கத்தில் அச்சங்கத்தின் வழியே வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கம் என்னும் பெரிய அமைப்பு உருவாயிற்று. அந்நாட்டில் பல்கலைக்கழகங்களை ஒட்டி எழுந்த பள்ளிவாசல்கள் பலவற்றின் தொடக்கம் மாணவர்களின் முயற்சியே.

ஆனால் உடன் வர இசைவளித்த சட்டம், வந்தவரின் கைகளைக் கட்டியே வைத்தது. எஃப்–2 விசாவில் வந்தவர் எந்த வேலையும் செய்யக்கூடாது. அது இன்றளவும் நீடிக்கும் விதி. 2003ஆம் ஆண்டு தொடங்கி, அவர் முறையான முழுநேரப் பட்டப்படிப்பையும் மேற்கொள்ள இயலாதாயிற்று. 2015ஆம் ஆண்டே பகுதிநேரப் படிப்புக்கு வழி திறந்தது. பொறியியல் படித்த பெண்ணொருத்தி, கணவர் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும் வரை பனிபடர்ந்த சன்னலைப் பார்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பதை உடனிருத்தல் என்று சொல்லலாமேயன்றி, வாழ்தல் என்று சொல்வது கடினம். பரிமாற்றத் திட்டத்தில் ஜே விசாவில் செல்வோரின் துணைவர்கள் இசைவு பெற்று வேலை செய்யலாம். இவ்வேறுபாட்டை அறியாமலே பலர் புறப்பட்டுவிடுகின்றனர்.

பிரிட்டனின் வரலாறு வேறு வகையானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் காமன்வெல்த் நாட்டார் விசா இன்றியே அங்கு நுழையலாம். இத்தடையற்ற நுழைவு 1962 வரை நீடித்தது. நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் சட்டம், கணக்கியல், செவிலியம் பயில வந்தவர்கள் துணைவியரையும் வரவழைத்தனர். அவர்களுக்குத் தடையாய் நின்றது சட்டமன்று, வீடு. கறுப்பருக்கும் குழந்தையுள்ளோருக்கும் அறை இல்லை என்று வீட்டுக்காரர்கள் வாயிலிலேயே எழுதி வைத்திருந்தனர். கணவர் பகலில் வேலை செய்து மாலையில் பயில்வார். மனைவியும் வேலை செய்தாலன்றி வாடகை கட்ட இயலாது. ஊரிலிருந்தால் பாட்டியோ சிற்றன்னையோ பார்த்துக்கொண்டிருப்பர். அங்கு யார் உளர்?

ஆகவே 1950களின் நடுவிலிருந்து அம்மாணவர்கள் ஒரு வழியைக் கண்டனர். குழந்தை வளர்ப்புக்கென வெளிவந்த ஓர் ஆங்கில இதழில் விளம்பரம் கொடுத்து, இலண்டனுக்கு வெளியே வாழ்ந்த வெள்ளையர் குடும்பங்களில் வாரக் கட்டணத்திற்குத் தம் பிள்ளைகளை வளர்க்க விட்டனர். படிப்பு முடிந்ததும் அழைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். படிப்போ நீண்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பெற்றோரின் மொழியையும் முகத்தையும் அறியாது வளர்ந்தனர். நடிகர் அடேவாலே அகினோயே–அக்பாஜே அவ்வாறு ஆறு வார அகவையில் கொடுக்கப்பட்டவர். 1967இல் நைஜீரிய மாணவத் தம்பதியருக்குப் பிறந்த அவர், தம் வரலாற்றையே 2018இல் திரைப்படமாக்கினார். பிள்ளையை உடன் கொண்டுசென்றும் உடன் வைத்துக்கொள்ள இயலாத நிலையைப் பிரிவு என்பதா, சேர்வு என்பதா என நமக்கு விளங்கவில்லை.

எழுத்தாளர் புச்சி எமெசேட்டாவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். படிக்கச் சென்ற கணவரை நாடி, 1962இல் இரு குழந்தைகளோடு இலண்டன் சென்றவர் அவர். நூலகத்தில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவரும் அவரே. மணவாழ்வு முறிந்தபின் ஐந்து குழந்தைகளை வளர்த்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம் பெற்றார். அவ்வாழ்வைத் தழுவி 1974இல் அவர் எழுதிய நாவலின் பெயர் ‘இரண்டாந்தரக் குடிமகள்’ எனப் பொருள்படும்.

இனி நம் காலத்திற்கு வருவோம். 2011ஆம் ஆண்டு பிரிட்டன் ஒரு கட்டுப்பாடு விதித்தது. அரசு உதவித்தொகையில் பயில்வோரை விடுத்தால், ஓராண்டுக்குக் குறையாத முதுநிலைப் படிப்பில் சேர்வோரே குடும்பத்தை அழைக்கலாம் என்றாயிற்று. 2021இல் படிப்பு முடித்தோர் அங்குத் தங்கி வேலை தேட ‘கிராஜுவேட்’ விசா வந்ததும் கூட்டம் பெருகிற்று. மாணவரின் குடும்பத்தார்க்கு 2019இல் வழங்கப்பட்ட விசாக்கள் ஏறத்தாழ 16,000. 2022இல் ஏறத்தாழ 1,36,000. நைஜீரியர் முதலிடத்திலும் இந்தியர் அடுத்த இடத்திலும் இருந்தனர். துணைவர் முழுநேர வேலை செய்யலாம், பிள்ளைகள் அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் பயிலலாம் என்பன பெரும் ஈர்ப்பாயின. மனைவி மாணவியாகவும் கணவர் டிபெண்டண்டாகவும் சென்ற குடும்பங்களும் நம் நாட்டில் பல.

2023 மே 23 அன்று அந்நாட்டு அரசு அறிவித்த விதி, 2024 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. அன்று முதல் தொடங்கும் படிப்புகளில், முனைவர் பட்டம் போன்ற ஆய்வுப் படிப்பினரும் அரசு உதவித்தொகையில் பயில்வோரும் மட்டுமே குடும்பத்தை அழைக்கலாம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் சேரும் ஓராண்டு எம்.எஸ்ஸி., எம்.பி.ஏ. படிப்புகளுக்கு அவ்வுரிமை நீங்கிற்று. பலர் கவனியாத மற்றொன்றும் உண்டு. படிப்புக்குப் பின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவிலும், முன்னரே டிபெண்டண்டாக அங்கிருப்பவரும் அங்குப் பிறந்த குழந்தையுமே தொடரலாம். புதிதாக எவரையும் ஊரிலிருந்து அழைக்க இயலாது. ஓராண்டுதானே என்று மனைவியிடம் சொல்லிச் செல்பவர், உரிய வேலை விசா கிடைக்கும் வரை இரண்டு மூன்று ஆண்டுகள் தனித்திருக்க நேரும்.

அழைக்கத் தகுதியுடையோர்க்கும் செலவு சிறிதன்று. 2024ஆம் ஆண்டு நிலவரப்படி, இலண்டனுக்கு வெளியே வாழும் ஒவ்வொரு டிபெண்டண்டுக்கும் மாதம் 680 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்திற்கு 6,120 பவுண்டு, 28 நாட்கள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். மருத்துவக் கட்டணம் ஆளுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. கணக்கில் காட்டுவதற்காகவே வட்டிக்குப் பணம் வாங்குவோர் உளர் எனக் கேள்விப்படுகிறோம். வட்டி பற்றி இம்மலரின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கனடாவும் இவ்வழியே நடந்தது. மாணவரின் துணைவர்க்கு எளிதாகக் கிடைத்த வேலை அனுமதியை 2024 மார்ச்சில் சுருக்கி, 2025 ஜனவரி முதல் பொதுவாக முனைவர் படிப்பினருக்கும், 16 மாதத்திற்குக் குறையாத முதுநிலைப் படிப்பினருக்கும், குறிப்பிட்ட சில தொழிற்படிப்பினருக்கும் என்று வரையறுத்தது.

நிக்காஹ் பேச்சு நடக்கும்போது, மாப்பிள்ளை வெளிநாட்டில் படிக்கிறார், பெண்ணை உடன் அழைத்துப் போவார் என்று பெரியோர் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். எந்த நாடு, எந்தப் படிப்பு, எத்தனை மாதம், அவ்விசாவில் துணைவர் வேலை செய்யலாமா என்னும் நான்கையும் பெண் வீட்டார் அப்பேச்சிலேயே கேட்டுக்கொள்வது நலம். ‘அழைத்துப் போவேன்’ என்பது மாப்பிள்ளையின் கையில் மட்டும் இல்லை. பதிவேட்டில் ஒப்பமிட்ட பின்னர் அலுவலகத்திற்கு வந்து நம்மிடம் கேட்கும்போது, நகல் எடுத்துக் கொடுப்பதைத் தவிர நம்மால் ஆவது அதிகமில்லை. அந்நகலோடு, தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்ற சான்றையும் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். இரண்டிலும் பெயர் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே இருத்தல் வேண்டும்.