விலை போடாத பொம்மை

திண்டிவனத்தில் எந்தத் தையல் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும் மிஷினுக்குக் கீழே ஒரு பை கிடக்கும். பிளவுஸ் வெட்டியபோது கழுத்து, அக்குள், கைமுனை என்று கழிந்து விழுந்த துணியெல்லாம் அதில்தான் சேரும். பையில் உள்ளதற்கும் ஒரு தராதரம் உண்டு. உள்ளங்கை அளவு துண்டுகளைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டு வாங்கிப் போவார்: ஒட்டுப்போட்ட மெத்தை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் கால்மிதிக்கும் ஆகும். பருத்தியாக இருந்தால் மெக்கானிக் கடைக்கும் தேவைப்படும். மீதி தலையணைக்குள் திணிக்க. அதற்கும் உதவாத, இரண்டு விரலுக்கு மேல் அகலமில்லாத நறுக்குகள் குப்பையோடு கூட்டித் தள்ளப்படும்.

இந்தக் கடைசிச் சாதித் துணியில் பிறந்த ஒரு பொம்மைக்குச் சுனாமிகா என்று பெயர். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பிறந்த ஊர் விழுப்புரம் மாவட்டம்.

மாவட்டத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆரோவில் என்றாலே புதுச்சேரி என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பெரும்பகுதி வானூர் பக்கம், விழுப்புரம் மாவட்டத்துச் செம்மண்ணில் இருக்கிறது. அங்கே உமா பிரஜாபதி 1997-இல் தொடங்கியது உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடம். உமா பீகார்க்காரர். பழம்புடவைகளை அடுக்கி வைத்து நெருக்கமாக ஓட்டத்தையல் போட்டு, பிறந்த குழந்தையைக் கிடத்தச் சுஜனி என்ற விரிப்பு செய்கிற மாநிலம் அது. நம் பக்கத்திலும் பாட்டிகள் செய்தது ஏறக்குறைய அதுவே; பெயர் வைக்காமல் செய்தார்கள், அவ்வளவுதான். ஆடை வெட்டும் இடத்தில் எத்தனை சிக்கனமாக அச்சடுக்கிப் போட்டாலும், நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு துணி மேசையிலேயே மிஞ்சும் என்பது தொழிலில் உள்ளவர்கள் போடும் கணக்கு. அந்த மிச்சம் உபாசனாவிலும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருந்தது. அதற்கு ஒரு வேலை வந்தது 2004-இன் கடைசி ஞாயிற்றுக்கிழமையில்.

டிசம்பர் 26, பௌர்ணமி நாள். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பூமி பிளந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6.29. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆவதற்குள் அலை தமிழகக் கரையில் ஏறிவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கணக்கின் முன் மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரையான விழுப்புரத்துக் கரையின் சாவு எண்ணிக்கை சிறியது. அதனாலேயே செய்திகளில் அது பெரிதாக வரவில்லை. ஆனால் படகு போனது, எஞ்சின் போனது, வலை போனது, கரையோரத்து வீடுகள் போயின. எல்லாவற்றையும்விடக் கடலைப் பார்த்து நிற்கிற தைரியம் போனது. இரவில் அலைச்சத்தம் கொஞ்சம் உயர்ந்தாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள்.

கடல் ஆண்களுடையது, கரையேறிய மீன் பெண்களுடையது என்பதுதான் குப்பத்து வாழ்க்கை. ஏலத்தில் குரல் கொடுத்து எடுத்து, ஐஸ் போட்டு, கூடையைத் தலையில் ஏற்றிச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றுக் காசாக்குவது பெண்கள். அந்த ஆண்டின் முடிவில் மீனே வரவில்லை. வந்தபோது வாங்க ஆளில்லை. பிணம் தின்ற மீன் என்று ஊர் ஊராகப் பேச்சு பரவி, மார்க்கெட்டில் மீன்கடைகள் ஈ ஓட்டின. புருஷனுக்கு வலை இல்லை, மனைவிக்குக் கூடை இல்லை. அரிசி நிவாரணமாக வந்தது. பொழுதுதான் போகவில்லை.

அரிசியோடு துணியும் வந்தது. நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி. கிழிந்ததும் சாயம்போனதும், இந்த வெயிலுக்கு ஆகாத கம்பளியும் அதில் இருந்தன. உழைத்துத் தின்று பழகிய மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரத்தில் குவிந்து மழையில் ஊறி மக்கின. தில்லியில் அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து, அந்தக் குவியல்களை வாரிப் பிரித்துப் பயன்படும் பொருளாக மாற்றும் வேலையைச் செய்தது. கொடுக்கிறவருக்கு வேண்டாததைப் பெறுகிறவரும் வேண்டாமென்று தள்ளிய காட்சியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வேண்டாத துணி என்ற வகையில் உபாசனாவின் மூட்டையும் அதே இனம்தான். அது போன விதம்தான் வேறு.

உபாசனாக்காரர்கள் அந்தத் துணியை யாருக்கும் தானமாகக் கொடுக்கவில்லை. ஆரோவில்லை ஒட்டிய மீனவக் கிராமங்களின் பெண்களை உட்காரவைத்து, ஊசியையும் நூலையும் நறுக்குத் துணியையும் கொடுத்து ஒரு பொம்மை செய்யக் கற்றுத்தந்தார்கள். தொழிற்பயிற்சியாக இதை அவர்கள் தொடங்கவில்லை. அதிர்ச்சியில் உறைந்தவர்களைக் கைவேலையில் இருத்தி, கூடி உட்கார வைத்து, பேசத் தொடங்கினால் பேசவிடுவதற்கான ஏற்பாடு அது. ஆறுதல் சொல்ல வருகிற ஆளுக்கு முன்னால் நேருக்கு நேர் உட்கார்ந்து அழுவது எல்லாருக்கும் வராது. கண் துணியில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். கீரை ஆய்கிற இடத்திலும் பூக் கட்டுகிற இடத்திலும் எத்தனை குடும்ப வழக்குகள் அவிழ்ந்திருக்கின்றன என்பது திண்ணை வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மனநல மருத்துவம் இதற்கு என்ன பெயர் வைத்தாலும் நம் ஊருக்கு இது புதிதல்ல.

ஆனால் சுலபமான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இந்த அளவில் ஒரு பொம்மையை வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு முதல் இடைஞ்சல் துணியேதான். இரண்டு அங்குலத் துணியில் கால் அங்குலம் ஓரம் விட்டால் உடம்பில் நல்ல பங்கு தையலுக்குள்ளேயே போய்விடும். விடாவிட்டால் நூல் பிரியும். மிஷின் இங்கே உதவாது. வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சுற்றி ஓட்டத்தையல் போட்டு, கொஞ்சம் பஞ்சையோ நூல்குப்பையையோ நடுவில் வைத்து நூலைச் சுருக்குப்பை போல இழுத்தால் உருண்டையாகத் தலை நிற்கும். பருத்தி சொன்னபடி கேட்கும். பாலியஸ்டர் நழுவும், பட்டு ஓரம் பிரிந்து கையோடு வரும். பெரிய ஊசி போட்டால் ஓட்டை தெரியும், சின்ன ஊசியில் நூல் கோக்கவே அரை நாள். மெத்தை விரிப்பு தைப்பவர் ஒரு தையல் கோணலானால் அடுத்த கட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம். கட்டைவிரல் பொம்மையில் அடுத்த கட்டம் என்று ஒன்று கிடையாது. கண் இரண்டும் ஒரு நூலிழை தள்ளிப்போனால் சிரிக்கிற முகம் திகைத்த முகமாகிவிடும். முப்பது கிலோ கூடையைத் தலையில் வைத்து நடந்த கழுத்தும், மீன் அரிந்து காய்த்த விரலும் இதற்கு இறங்கிவர நாள் பிடித்திருக்கும்.

பொம்மை சேரச் சேர, இதை என்ன விலைக்கு விற்பது என்ற கேள்வி வந்தே தீரும். இங்கேதான் உபாசனா யாரும் எதிர்பாராத முடிவை எடுத்தது. சுனாமிகாவை விற்பதில்லை, பரிசாக மட்டும் கொடுப்பது. பெற்றுக்கொள்கிறவர் விரும்பினால், விரும்பிய தொகையைத் தரலாம், தராமலும் போகலாம். வருகிற நன்கொடையிலிருந்து அடுத்த பொம்மை, அதைச் செய்கிற பெண்ணுக்கு அதற்கான பணம். இலவசம் என்பது வாங்குகிறவருக்குத்தான், செய்தவருக்கு அது கூலி வேலை. இந்த இரண்டையும் குழப்பாமல் வைத்திருந்ததுதான் இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம். சேவை என்ற பெயரில் பெண்களின் தையலைச் சும்மா வாங்கிக்கொண்டு நன்றி அட்டை கொடுத்து அனுப்பும் நல்லவர்கள் நிறைய உண்டு.

விலை போடாததற்கு ஒரு வியாபாரக் காரணத்தையும் நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. இதற்கு இருபது ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்தால், சாவிக்கொத்துப் பொம்மைகளோடு போட்டியிட்டு முதல் மாதமே தோற்றிருக்கும். பேரம் பேசியிருப்பார்கள். விலை இல்லாததால் ஒப்பிட எதுவும் இல்லை. வாங்கியவர் தன் மனசாட்சியோடு பேரம் பேச வேண்டியதாயிற்று. மறுபக்கமும் உண்டு. நன்கொடையை நம்பிய கூலி, உலகத்தின் ஞாபகத்தை நம்பிய கூலி. ஞாபகம் தேயும்போது அதுவும் தேயும்.

ஜப்பானில் கோபே நகரத்தைக் குலைத்த 1995 நிலநடுக்கத்துக்குப் பிறகும் இப்படி ஒன்று நடந்தது. நன்கொடையாக வந்த கைத்துண்டுகளை மடித்துத் தைத்து, வீடிழந்தவர்கள் யானைமுகம் செய்தார்கள். சமையலறையில் தொங்கவிட்டுக் கைதுடைக்கலாம். 2011-இல் ஆழிப்பேரலை வந்தபோது வடகிழக்குக் கரைப் பெண்களும் அந்த யானையைத் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு விலை உண்டு. அதில் ஒரு பங்கு தைத்தவருக்கு என்று தெளிவாக எழுதியே விற்றார்கள். அதுவும் நேர்மையான வழிதான். யானை வீட்டுக்கு உபயோகப்படும் பொருள் என்பதால் விலை சொல்லிவிட முடிந்தது. சுனாமிகா எதற்கும் உபயோகப்படாதது. சட்டையில் குத்திக்கொள்ளலாம், பையில் தொங்கவிடலாம், மேசையில் நிறுத்தலாம்.

உபயோகமில்லாததும் எடையில்லாததும் சேர்ந்ததால் அது சுலபமாகப் பயணம் போனது. கடித உறைக்குள் அடங்கும், சுங்க அதிகாரி கேள்வி கேட்கமாட்டார். ஆரோவில்லுக்கு வந்த வெளிநாட்டார் கைநிறைய எடுத்துக்கொண்டு திண்டிவனம் வழியாகச் சென்னை விமான நிலையத்துக்குப் போனார்கள். அந்தப் புறவழிச்சாலையில் டீ குடிக்க நிறுத்திய எத்தனையோ டாக்சிகளில் சுனாமிகா இருந்திருப்பாள், ஊருக்குத் தெரியாது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில்லைத் தொடங்கியபோது 124 நாடுகளிலிருந்து பிடிமண் கொண்டுவந்து தாழியில் போட்டார்கள். அங்கிருந்து திரும்பிப் போன சரக்கு என்று பார்த்தால் இந்தப் பொம்மையைச் சொல்லலாம். எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், அறுபது லட்சம் பொம்மைகள் என்று உபாசனா தரப்பில் கணக்குச் சொல்கிறார்கள். அவளுடைய கதை சிறுவர்களுக்கான புத்தகமாகத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்திருக்கிறது.

இந்தக் கரையில் அந்தப் பேரலையின் பெயரைத் தாங்கி நிற்கும் இன்னொன்று வீடுகள். அரசும் தொண்டு நிறுவனங்களும் கட்டித்தந்த தெருக்களைச் சுனாமி குடியிருப்பு என்றே இன்றும் சொல்கிறார்கள். அவை இருந்த இடத்திலேயே பழசாகி, மேற்கூரைகள் உப்புக்காற்றில் பெயர்கின்றன.

படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியதும் பல பெண்கள் கூடைக்குத் திரும்பினார்கள். அது குறையல்ல, மீன் விற்பது அவர்களுக்குத் தெரிந்த, கூடுதல் காசு தரும் தொழில். ஊசியை விடாதவர்களும் உண்டு. உபாசனாவிலிருந்து பிறகு ஸ்மால் ஸ்டெப்ஸ் என்ற மடக்குத் துணிப்பை வந்தது. பிளாஸ்டிக் பைக்கு மாற்றாக, மடித்தால் கைக்குள் அடங்குவது. இதற்கு விலை உண்டு. பேரிடரும் நிற்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயலில், திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. விழுப்புரமே தண்ணீரில் நின்றது. அப்போதும் லாரிகளில் பழந்துணி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிறந்த குழந்தைக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. பையில் தொங்கும் பொம்மையைப் பிடித்திழுத்து ஒரு பள்ளிப்பிள்ளை, “ஆன்ட்டி, இது யாரு?” என்று கேட்டால் பதிலை அலையிலிருந்து தொடங்க வேண்டும், வலையைச் சொல்ல வேண்டும், மீன் விற்காமல் போனதைச் சொல்ல வேண்டும். பஸ் வருவதற்குள் அவ்வளவையும் சொல்லி முடியாது. “கடலோரத்துல அக்காங்க கைல தச்சது. வேணுமா, வெச்சுக்கோ” என்பதோடு பொம்மை கைமாறிவிடுகிறது.