பாசன ஏரியில் யானை பார்த்த கதை

பிலிம் காலத்தில் போடியில் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். தேக்கடி போய்வந்த ரோல் எது என்று கழுவும்போதே தெரிந்துவிடும். முப்பத்தாறு படத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே கரிய மரக்கட்டைகள், கட்டை மேல் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம். இரண்டு மூன்று படங்களில் அக்கரையில் கடுகளவு கறுப்பு. "அண்ணே, அந்த யானையக் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க" என்பார்கள். பெருசாக்கினால் புள்ளிதான் பெருசாகும். அதையும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியவர்கள் உண்டு.

காட்டைப் பார்த்து வந்ததாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் படகில் போனது கம்பம் பள்ளத்தாக்குக்கும் மதுரைச் சீமைக்கும் தேக்கிவைத்த பாசனத் தண்ணீர் மேல்.

தாது வருஷப் பஞ்சம் மதுரைப் பக்கத்தை வாட்டியெடுத்த பிறகுதான் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லுமாகப் பொறியாளர் பென்னிகுவிக் எழுப்பிய அணையை 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் எங்கள் பக்கம் இறங்கியது. பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15-ல் இங்கே இன்றைக்கும் பொங்கல் வைக்கிறார்கள். அணையின் கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்த ஏரிக்கரையில் காட்டுயிர் பார்க்கும் பழக்கம் எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தண்ணீர் ஏறியபோது பள்ளத்தாக்கில் நின்ற மரங்கள் நின்றபடியே மூழ்கின. அவற்றின் அடித்தண்டுகள்தான் என் ரோல்களில் வந்த கட்டைகள். நூற்று முப்பது வருஷமாகியும் மிச்சம் நிற்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் உட்கார இதைவிட நல்ல இடம் கிடையாது. செத்துப்போன காடு ஒன்று படம் பிடிக்கிறவர்களுக்குச் சோறு போடுகிறது.

ஏரியைச் சுற்றிய காட்டை 1899-ல் காப்புக்காடாக்கினார்கள். 1933-ல் திருவிதாங்கூர் அரசு ராபின்சன் என்பவரை வேட்டை விலங்குக் காப்பாளராக நியமித்தது. மறுவருஷம் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் பிறந்தது. 1950-ல் அது விரிந்து பெரியாறு சரணாலயமாகி, 1978-ல் புலிகள் காப்பகமானது. மகாராஜாவின் ஏரிக்கரை மாளிகை பிற்பாடு ஓட்டலாயிற்று.

இங்கே யானைகளைப் படம் எடுத்தவர்களில் நான் கும்பிடுகிறவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையை விட்டு நகராதவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டி, அதற்கு சூப்பர் பொண்டெரோசா என்று பெயரும் வைத்தார். விலங்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது அவர் படத்தில் தெரியும். எங்கள் வாடிக்கையாளர்களின் படத்தில் விலங்கு இருந்தது என்பது மட்டும் தெரியும், அதுவும் நாங்கள் விரலால் சுட்டிக்காட்டினால்.

படகில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. "அதோ!" என்று ஒருவர் கத்தினால் அத்தனை பேரும் அந்தப் பக்கம் எழுந்து ஓடுவார்கள். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க ஒரே பக்கம் கூடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

போடிக்காரர்களுக்கு இப்போது தேக்கடியைவிட ஆனையிறங்கல் பக்கம். போடிமெட்டு ஏறிப் பூப்பாறை தாண்டினால் மூணாறு ரோட்டிலேயே தெரியும். 1960-களில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி செல்போனில் யானை எடுக்கிறார்கள். ஏலத்தோட்ட வேலைக்கு இங்கிருந்து ஜீப்பில் போகும் பெண்கள் அதே யானைக்குப் பயந்து வழியெல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டு போகிறார்கள். அந்தக் கரையின் பெயர்பெற்ற ஒற்றை யானைதான் அரிக்கொம்பன். 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27-ல் கம்பம் தெருவுக்குள் வந்து நின்றது. 144 போட்டார்கள். ஜூன் 5-ல் மறுபடி மயக்க ஊசி, லாரி, களக்காடு முண்டந்துறை. காசு கொடுத்துப் படகில் போய்ப் பார்த்த ஊர், வீட்டு வாசலில் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டது. சாத்தியதில் தப்பில்லை.

தேக்கடிக் கரையில் விலங்கு தெரிவதும் தெரியாததும் பெரியாறு அணை மட்டத்தைப் பொறுத்தது. கோடையில் ஏரி இறங்கினால் சேற்றுக்கரையில் இளம்புல் முளைக்கும். காட்டுமாடும் மிளாவும் யானையும் அதற்காக வெளியே வரும். 152 அடி தேங்கிய ஏரியை 1979-க்குப் பிறகு 136-க்கு இறக்கினார்கள். மறுபடி ஏற்றினால் கரைநிலம் மூழ்கி விலங்குகளுக்குக் கேடு என்று கேரளம் வாதாடியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2006-லும் 2014-லும் 142 அடிக்கு அனுமதி கொடுத்தது. யானையை இப்படி வழக்குக்குள் இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் புல்லைப் பற்றிச் சொன்னது முழுப்பொய்யும் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல்போக நெல்லுக்கு ஜூனில் மதகு திறப்பார்களா என்று உழவர்கள் தினமும் பேப்பரில் அணைமட்டம் பார்க்கிறார்கள். கேமரா வாங்கிய பையன்களையும் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன். 115 அடிக்குக் கிட்டே என்றால் கிளம்பலாம். 140 என்றால் பள்ளத்தாக்குக்குக் கொண்டாட்டம், படகில் போனால் தண்ணீர்தான். காலை ஏழரைப் படகைப் பிடிக்க வேண்டுமானால் முந்தின ராத்திரியே குமுளியில் தங்கிவிட வேண்டும்.