பிணக்கும் பண்பாடும்

மனப்பிணியின் வேர் தனிமனிதன் உள்ளத்திலேயே உளதென மேனாட்டு உளவைத்தியர் பலர் நெடுங்காலம் கருதினர். அக்கருத்தை அசைத்தவருள் ஒருவர், 1921 இல் ஆர்ஜென்டீனாவிற் பிறந்த சல்வடோர் மினூச்சின்.

நியூயோர்க் சேரிகளில் வாழ்ந்த கறுப்பின, போர்ட்டோ ரிக்கோக் குடும்பங்களிடையே அவரும் தோழர்களும் ஆற்றிய பணி 1967 இல் நூலாயிற்று. ஒருவரைத் தனியே இருத்திப் பேசவைக்கும் முறை அங்கு பயன்தரவில்லை. எனவே பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருங்கே அமர்த்தி, உறவின் அமைப்பையே ஆராய்ந்தனர். பின்னர் பிலடெல்பியாவில், பட்டம் பெறாத ஏழை மக்களையே குடும்ப ஆலோசகராகப் பயிற்றினர்.

பின்வந்தோர் ஸ்பானிய மொழி பேசுவோரின் மரியாதை உணர்வையும் குடும்பப் பற்றையும் தம்பதியர் சிகிச்சையில் இணைத்தனர். இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இரு தவறுகளுக்கு நாம் இடங்கொடுத்தலாகாது. பண்பாடென்ற போர்வையில் 'மச்சீஸ்மோ' எனும் ஆண்செருக்கை மனைவியின் தலையிற் சுமத்துவது ஒன்று. வேலையின்மையும் இடப்பெயர்வும் விளைத்த பிணக்கைப் பண்பாட்டின் குறையென ஒதுக்குவது மற்றொன்று.

கணவனுக்கு வேலையில்லை, மனைவி இரவில் ஆலைக்குச் செல்கிறாள். இவர்களின் பூசலைத் தீர்க்க, மொழியறிந்த வைத்தியர் வேண்டும். அவர்தம் வாழ்வை அறிந்தவராகவும் அவர் இருத்தல் வேண்டும். வாழ்வை மாற்றும் கடமையோ வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. அது நம் எல்லோருக்கும் உரியது.