இந்தியாவில் மனநலப் பணியாளர் பயிற்சி

இந்தியாவில் மனநலப் பணியாளர் பயிற்சி என்பது, மனநோயாளரைப் பெரிய மருத்துவமனைகளில் அடைத்துப் பராமரிக்கும் முறையிலிருந்து அவர்கள் வாழும் ஊரிலேயே மருத்துவம் அளிக்கும் முறைக்கு மாறுவதற்குத் தேவையான மருத்துவர், செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரை உருவாக்கும் முயற்சிகளைக் குறிக்கும்.

தேவை

12 மாநிலங்களில் 2015-16இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து, பாதிக்கப்பட்டோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் மருத்துவம் பெறவில்லை. ஒரு லட்சம் மக்களுக்கு மனநல மருத்துவர் எண்ணிக்கை மத்தியப் பிரதேசத்தில் 0.05 ஆகவும் கேரளத்தில் 1.2 ஆகவும் இருந்தது.

வரலாறு

மனநலத்துறைக்குப் பயிற்சி பெற்றோர் தேவை என்பதை 1946இல் போர் குழு வலியுறுத்தியது. 1954இல் பெங்களூரில் அனைத்திந்திய மனநலக் கழகம் தொடங்கப்பட்டது. இது 1974இல் அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டு நிம்ஹான்ஸ் ஆனது.

1970களின் நடுப்பகுதியில் பெங்களூருக்கு அருகிலுள்ள சக்கலவாராவிலும் அரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும், ஆரம்பச் சுகாதார நிலைய ஊழியர்களுக்கு மனநலப் பயிற்சி அளித்துப் பார்க்கப்பட்டது. இவ்வனுபவத்தின் அடிப்படையில் 1982இல் தேசிய மனநலத் திட்டம் ஏற்கப்பட்டது. 1985 முதல் 1990 வரை கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் இம்முறை செயல்படுத்தப்பட்டது. இதனை முன்மாதிரியாகக் கொண்ட மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீவிபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஊருக்கு அருகில் மருத்துவம் கிடைக்காத நிலையின் விளைவு இந்நிகழ்வால் நாடு முழுவதும் உணரப்பட்டது. 2009இல், மனநல மருத்துவமனைகளை உயர் பயிற்சி மையங்களாக மேம்படுத்தவும், பட்டமேற்படிப்பு இடங்களைக் கூட்டவும் மத்திய அரசு தனி நிதியுதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது.

பணியாளர் வகைகள்

* மனநல மருத்துவர்: மருத்துவப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு மேற்படிப்பு.
* மருத்துவ உளவியலாளர்: உளவியல் முதுகலைக்குப் பின் இரண்டாண்டு ஆய்வியல் நிறைஞர் படிப்பே நெடுங்காலம் வழக்கமான தகுதியாக இருந்து வந்தது.
* மனநலச் சமூகப் பணியாளர்: குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே தொடர்பு, மறுவாழ்வு.
* மனநலச் செவிலியர்: உள்நோயாளர் பராமரிப்பு, மருந்துத் தொடர்ச்சி.
* ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்: முதன்மையான நோய்களை அறிதல், அடிப்படை மருந்து கொடுத்தல், கடினமானவற்றை மேல்நிலைக்கு அனுப்புதல் ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சி.

பணிப் பகிர்வு

வல்லுநர் செய்யும் பணியில் ஒரு பகுதியைப் பயிற்சி பெற்ற பிறரிடம் ஒப்படைப்பது பணிப் பகிர்வு எனப்படும். கோவாவில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான மானஸ் ஆய்வில், மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் மனச்சோர்வு, பதற்றம் உடையோருக்கு உதவினர். அரசு நிலையங்களில் குணமடைந்தோர் விகிதம் கூடியது. தனியார் மருத்துவகங்களில் அத்தகைய பயன் தெளிவாகக் காணப்படவில்லை.

சட்டம்

2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. அரசு மருத்துவ நிலையங்களிலும் சிறைகளிலும் பணிபுரியும் மருத்துவர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநலப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. வல்லுநர் எண்ணிக்கையைப் பத்தாண்டுகளுக்குள் பன்னாட்டு அளவுக்கு உயர்த்த அரசு முயல வேண்டும் என்றும் கூறுகிறது. 2022 அக்டோபரில் 14416 என்ற எண்ணில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையில், பயிற்சி பெற்ற ஆலோசகர்களே அழைப்புகளை முதலில் ஏற்கின்றனர்.

விமர்சனங்கள்

பயிற்சி ஒருமுறை அளிக்கப்பட்டதோடு நின்றுவிடுவதும், தொடர் மேற்பார்வை இல்லாமையும் முதன்மைக் குறைகளாகச் சுட்டப்படுகின்றன. பயிற்சி பெற்ற மருத்துவர் இடமாற்றப்படும்போது அந்நிலையத்தின் மனநலச் சேவையும் நின்றுபோகிறது. மருந்து வழங்கல் தடைபட்டாலும் கற்ற திறன் பயன்படுவதில்லை. இளநிலை மருத்துவப் படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வு இல்லாததால் மாணவர்கள் அதில் போதிய கவனம் செலுத்துவதில்லை என்ற கருத்தும் உள்ளது.

இவற்றையும் பார்க்க

* மனநலம்
* நிம்ஹான்ஸ்
* ஏர்வாடி தீவிபத்து
* ஆரம்பச் சுகாதார நிலையம்